கொம்பேறிமூக்கன் சாப்பிடவில்லை

ஊட்டாதம்மா, விடு. பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கிருச்சுன்னா நீ என்ன வித்தை காட்டுனாலும் உள்ள போகாது. இட்லியை டப்பாவுல வச்சு மூடிரு. பஸ் வத்தலக்குண்டு போறதுக்குள்ள அதுவே கேக்கும். இல்லேன்னா எறங்குனப்புறம் கேக்கும். நான் இருபத்திரண்டு வருசமா சத்துணவுல சமைக்கிறவ. நூத்திப் பன்னெண்டு பிள்ளைக. எது பசியில அழுகுது, எது பயத்துல திங்காம உக்காந்திருக்குன்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லிருவேன். கீரைன்னா ஓடுற பிள்ளையைக் கூடத் திங்க வச்சிருக்கேன். ஒரே ஒண்ணுதான் என் கையால சாப்பிடல. அது ஒரு பாம்பு.

நெசமாத்தான் சொல்றேன். எங்க வீட்ல பாம்பு இருந்துச்சு. கண்ணாடித் தொட்டியில. முன்ன மீன் வளத்தோம், எல்லாம் ஒண்ணொண்ணாச் செத்துப் போச்சு, தொட்டி மட்டும் பரண்ல கெடந்துச்சு. அதை எறக்கிக் கழுவி, மேல கொசுவலையைக் கட்டி, உள்ள கொண்டாந்து விட்டுட்டான் எம் மகன். இளம்பரிதின்னு பேரு. அவுக அப்பா வச்சது. நாங்க பரிதின்னு கூப்பிடுவோம். பெரியகுளம் பக்கம் காலேஜ்ல விலங்கியல் படிச்சான். மூணாவது வருசம். இப்ப இல்ல.

போன வருசம் ஆனியில போயிட்டான். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. எல்லாரும் சொல்லிட்டாக. நான் பாம்பு கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அது கொம்பேறிமூக்கன். நீ பாத்திருக்க மாட்ட. விரல் தண்டிதான் இருக்கும், நீளம் ரெண்டு முழத்துக்கு மேல. பித்தளைச் சொம்பைப் புளி போட்டு விளக்காம ஒரு மாசம் வச்சா ஒரு நிறம் வரும்ல, முதுகு அந்த நிறம். எனக்குப் பாம்புன்னாலே ஆகாது. அதுலயும் கொம்பேறிமூக்கன்னா எங்க பக்கத்துல ஒரு பேச்சு உண்டு. ஆளைக் கடிச்சுப்புட்டு நேரா சுடுகாட்டு மரத்துல போய் ஏறிக்கிருமாம். அந்த ஆளை எரிக்கிற புகையைப் பாத்தாத்தான் எறங்குமாம். சின்னப் பிள்ளையில கேட்டது. இவன் அதைக் கையில சுத்திக்கிட்டு அடுப்படிக்கே வந்துட்டான். நான் கரண்டியைப் போட்டுட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டேன்.

"அம்மா, இதுக்கு விசமே கிடையாதும்மா. ஓணானையும் தவளையையும் தின்னுட்டுக் கெடக்குற அப்பிராணி. ஒரே ஒரு வாரம். அப்புறம் பிடிச்ச இடத்துலயே கொண்டு போய் விட்டுருவேன்" அப்படின்னான்.

எங்கடா பிடிச்சேன்னு கேட்டேன். பிராக்டிகலுக்குப் போன இடத்துலன்னான். நானும் நம்பிட்டேன். விலங்கியல் படிக்கிற பிள்ளை, பாம்பு பிடிக்கிறதும் பாடம்தான் போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அதுக்குன்னு ஒரு நோட்டுப் போட்டான். ஜூன் இருபத்திரண்டு, பிடித்தது. ஜூன் இருபத்திமூணு, பல்லி போட்டேன், தொடவில்லை. இருபத்திநாலு, சாப்பிடவில்லை. இப்படியே வரும். நான் தள்ளி நின்னு கேப்பேன், ஏன்டா திங்க மாட்டேங்குது, சீக்கான்னு. அவன் சொல்லுவான். காட்டுல பிறந்து வளந்ததைப் பிடிச்சு அடைச்சா அம்புட்டுச் சீக்கிரம் சாப்பிடாதும்மா. அதுக்குக் கண்ணாடின்னா என்னன்னு தெரியாது. வெளிய தெரியுதே, போக வழி இருக்குன்னு நினைச்சு முட்டிக்கிட்டே இருக்கும். அதோட நம்ம எல்லாரும் நின்னு நின்னு பாக்குறோம். பாக்குறது எல்லாம் தன்னைத் திங்க வந்ததுன்னுதான் அதுக்குத் தோணும். வயித்துல எரை கெடந்தா வேகமா ஓட முடியாது, அதனால ஓட வேண்டியது வரும்னு நினைக்கிற வரைக்கும் திங்காது. இப்படியெல்லாம் சொல்லுவான். வாத்தியார் மாதிரி சொல்லுவான். சொல்லிட்டுத் தொட்டிக்கு மூணு பக்கமும் பேப்பர் ஒட்டுனான். உள்ள ஒரு கொய்யாக் கொப்பு வச்சான். அப்பவும் அது சாப்பிடல.

ஒரு வாரம்னு சொன்னவன், அது ஒரு வாய் தின்னதைப் பாத்துட்டுக் கொண்டு போறேன், பட்டினியா அனுப்ப மனசு வரலன்னு தள்ளிப் போட்டான். ஒன்பதாவது நாள் சாயங்காலம் பைபாஸ்ல ஒரு டிப்பர் லாரி. அம்புட்டுத்தான்.

ஒரு பொண்ணை அவ தெருவுல எறக்கி விட்டுட்டுத் திரும்பும்போதுதான்னு அப்புறமாத் தெரிஞ்சுச்சு. கூடப் படிக்கிற பொண்ணு. மோனிஷான்னு பேரு. அவுக வேற ஆளுக. எங்களுக்கும் அவுகளுக்கும் பொண்ணு குடுத்து எடுக்குற பழக்கம் கிடையாது. அவளை எறக்கி விடப் போகலேன்னா அந்த நேரத்துக்கு அந்த ரோட்டுல அவனுக்கு வேலையே இல்ல. நான் அதை யாருகிட்டயும் சொல்றதில்ல. நீ கேட்டதுனால சொல்றேன்.

எனக்கு அழுகை வரலம்மா. எல்லாரும் என் தலையைப் பிடிச்சு மார்ல சாச்சுக்கிட்டு, அழுதுரு அழுதுருன்னாக. வந்தாத்தான அழுக. மூணாம் நாள் யாரோ சோறு கொண்டாந்து வச்சாக. முழுசாச் சாப்பிட்டேன். குழம்புல உப்புக் கம்மின்னு கூடத் தெரிஞ்சுச்சு. எங்க மதினி, அதான் எங்க வீட்டுக்காரரோட அக்கா, வாசல்ல நின்னு இன்னொருத்திகிட்டச் சொல்லுது, பெத்தவளுக்கு எப்படித்தான் எறங்குதோன்னு. எறங்குச்சு. நான் என்ன செய்ய.

ஆளுக எல்லாம் போயி வீடு ஓஞ்சப்புறம் டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. யாரோ கதவைத் தட்டுறாகன்னு போய்ப் பாத்தேன். யாரும் இல்ல. தொட்டிக்குள்ள இருந்து அது கண்ணாடியில மூக்கை முட்டிக்கிட்டு இருக்கு. எட்டு நாளா அது ஒண்ணு வீட்ல கெடக்குறதே எனக்கு ஞாபகம் இல்ல. அம்புட்டு நாளும் அதைத் தாண்டித்தான் எல்லாரும் போயிருக்காக, வந்திருக்காக. தண்ணிக் கிண்ணம் காஞ்சு கெடந்துச்சு. கொசுவலை வழியா டம்ளர்ல ஊத்துனேன். தலையைக் கொண்டாந்து வச்சு ரொம்ப நேரம் குடிச்சுச்சு.

நோட்டை எடுத்துப் பாத்தேன். ஜூன் முப்பது, சாப்பிடவில்லைன்னு காலையிலயே எழுதி வச்சுட்டுப் போயிருக்கான். நான் அதுக்குக் கீழ அன்னைக்குத் தேதியைப் போட்டு, சாப்பிடவில்லை, தண்ணீர் குடித்ததுன்னு எழுதுனேன். நடுவுல எட்டு நாளைக்கு வரி விட்டு எழுதுனேன். பள்ளிக்கூடத்துல பதிவேடு எழுதுற பழக்கம், தேதி விட்டுப்போனா எனக்கு ஒப்பாது.

பதினாறு கழிஞ்ச அன்னைக்கு அந்தப் பொண்ணு வந்துச்சு. சுடிதார் போட்டுக்கிட்டு வாசல்ல செருப்பைக் கழட்டாம நின்னுச்சு. தெருவே பாக்குது. எனக்கு அவளை அதுக்கு முன்ன தெரியாது, ஆனா பாத்ததும் தெரிஞ்சு போச்சு. நான் உள்ள வான்னு சொல்லல, போன்னும் சொல்லல. அவளே கேக்குறா.

"ஆன்ட்டி, அது சாப்பிட்டுச்சா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்க. பிள்ளையைப் பறிகுடுத்துட்டு உக்காந்திருக்கேன். நீ எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கல. பாம்பைக் கேக்குறா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன மனசோ. சாப்பிடல, நான் பாத்துக்கிருவேன்னு சொல்லிட்டேன். உள்ள வந்து ஒரு தடவை பாத்துக்கிறேன்னா. பாத்தா. தொட்டியைப் பாத்தாளா, அந்த நோட்டைப் பாத்தாளான்னு தெரியல. நோட்டைக் கையில வச்சுக்கிட்டே நின்னா. வேணும்னா கூப்பிடுங்கன்னு அதோட கடைசிப் பக்கத்துல நம்பரை எழுதி வச்சுட்டுப் போயிட்டா. நான் கூப்பிடுறதா இல்ல.

மறுநாள் வேலைக்குப் போயிட்டேன். வீட்ல இருந்து என்ன செய்ய. வேலைக்குப் போனதுல இருந்து எனக்கு ஒரு வைராக்கியம் வந்துருச்சு, இதைத் திங்க வைக்காம விடுறதில்லன்னு. பள்ளிக்கூடத்துல மிஞ்சுன முட்டையை உடைச்சுச் சிரட்டையில ஊத்தி வச்சேன். அதைச் சுத்திப் போச்சே தவிர மோந்து கூடப் பாக்கல. கோழி ஈரலை நறுக்கிக் குச்சியில குத்தி ஆட்டிக் காமிச்சேன். கொப்புல தலைகீழாத் தொங்கிக்கிட்டு என்னையவே பாத்துச்சு. தேனியில கலர் மீன், கிளியெல்லாம் விக்கிற ஒரு கடையில வெள்ளெலி இருக்குன்னு சொன்னாக. போயி ஒண்ணு வாங்கியாந்து விட்டேன். அந்த எலி, பாம்போட வாலைக் கடிச்சு வச்சிருச்சும்மா. பாம்பு மூலையில போயி ஒடுங்கிருச்சு. எலியைப் பிடிச்சு வெளிய விட்டேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். கொம்பேறி எலி திங்காதுக்கா, உசுரோட அசையிற ஓணான் இல்லேன்னா தவளைதான் அதுக்குன்னாரு. கொஞ்சம் யோசிச்சுட்டு, காட்டுல பிடிச்சதான்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்பக் கஷ்டம்க்கா, பாதிக்குப் பாதி பட்டினி கெடந்தே போயிரும், போன்ல பாம்புன்னு இம்புட்டுச் சத்தமாப் பேசாதீங்க, வனத்துறைக்குத் தெரிஞ்சா கேஸ் ஆயிரும்னு வச்சுட்டாரு.

பரிதியும் முன்ன அதைத்தான சொன்னான், எனக்குத்தான் மறந்து போச்சு. சரி, தவளைதானன்னு, சாரல் விழுற நேரமாப் பாத்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால வாய்க்கால்ல எறங்கிப் பருப்பு வடிக்கிற கண்கரண்டியால நானே பிடிச்சேன். நாப்பத்தாறு வயசுல, சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு. ஹெட்மாஸ்டர் மாடியில நின்னு பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. மகன் செத்தவ என்ன செஞ்சாலும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. தவளையையும் தொடல. வேலியில ஒரு ஓணான் பிடிச்சுப் போட்டேன். அந்த ஓணான் ரெண்டு நாளா அந்தக் கொய்யாக் கொப்புல, பாம்பு மேலயே ஏறி உக்காந்திருந்துச்சு. இது அசையல. நான் தினமும் வந்து எழுதுவேன், சாப்பிடவில்லை, சாப்பிடவில்லைன்னு.

எங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறாரு. வாழைத்தார் ஏத்துவாரு. அவரு அந்த நாள்ல இருந்து வீட்டுக்குள்ள படுக்கிறதில்ல, வாசல்ல ஆட்டோவுலதான். பாம்பு இருக்குறதுனாலன்னு நான் நினைச்சுக்கிட்டேன். தூக்குவாளியில சோறு கட்டிக் குடுப்பேன். சாயங்காலம் அப்படியே கனமா வரும். போற எடத்துல கடையில சாப்பிட்டிருப்பாருன்னு அதைக் கோழிக்குக் கொட்டிருவேன்.

எதுல விட்டேன். ஆங், மதினி. ஒருநாள் வேலை முடிஞ்சு வர்றேன், மதினி மூங்கில் கம்போட எங்க வீட்டுக்குள்ள நிக்குது. கொசுவலையில ஒரு பக்கம் கட்டை அவுத்துருச்சு. நான் போயி நடுவுல நின்னேன். மதினி கத்தல. அது கத்துற ஆளு இல்ல. மெதுவாத்தான் சொல்லுச்சு. இது வந்த ஒன்பதாம் நாள் பிள்ளை போயிட்டான். இன்னும் எதுக்குக் கெடக்குன்னு நினைக்கிற. இது புகையைப் பாக்கணும். பாக்காம எறங்காது, திங்காது. இன்னொரு புகையைக் கேக்குது. எந் தம்பியைப் பாரு, எப்படி இருக்கான்னு.

எங்க ஆளுகள்ல கல்யாணம் ஆகாத பிள்ளைகளை எரிக்கிறதில்லம்மா. புதைக்கிறதுதான். பரிதியையும் புதைச்சோம். புகையே கெடையாது. அதைத்தான் மதினி சொல்லுச்சு.

"இது அவனைக் கடிக்கல மதினி. அவனைக் கொன்னது லாரி. இதைக் கொண்டு போய் விடணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான்" அப்படின்னேன்.

"எங்க விடணுமாம்?"

எனக்கு எங்கன்னு தெரியல. மதினி கம்பைச் சாத்தி வச்சுட்டுப் போயிருச்சு. போகும்போது, நீ அவனுக்கு அழுதிருந்தா உனக்கு இந்தப் புத்தி வந்திருக்காதுன்னு சொல்லுச்சு. பெரியவுக சொல்றதை நான் மனசுல வச்சுக்கிறதில்ல.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் நான் அந்தத் தப்பைச் செஞ்சேன். ஞாயித்துக்கிழமை. ஈரத் துண்டைப் போட்டு அதைப் பிடிச்சேன். நான். பாம்புன்னா கொல்லைக்கு ஓடுனவ. பிள்ளைகளுக்கு மருந்து ஊத்துற பில்லர்ல முட்டை வெள்ளைக்கருவை எடுத்துக்கிட்டு, தீக்குச்சியால அது வாயைத் தொறந்து விட்டேன். சின்னப் பிள்ளைக்கு மூக்கைப் பிடிச்சு ஊத்துறது இல்லையா, அது மாதிரிதான்னு நினைச்சேன். ஒரு திருகு திருகி என் கையைக் கவ்விருச்சு. இந்தா, இந்த விரலுக்கும் இதுக்கும் நடுவுல. ரத்தம் வந்துச்சு. வலிக்கல. வந்து தரையில சொட்டுறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் அதுவா விட்டுருச்சு. ஊத்துனது அம்புட்டையும் கக்கிருச்சு. கக்கிட்டுத் துணி மாதிரி கெடந்துச்சு. முதுகெலும்பு கத்தி முனை கணக்காத் தெரியுது. மூக்கு நுனி முட்டி முட்டிப் புண்ணாயி சதை தெரியுது. அம்புட்டு நாளும் பாத்தவ, அந்த மூக்கைப் பாக்கவே இல்ல.

அந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

அரைமணி நேரத்துல வந்துட்டா. எப்படி வந்தாளோ. என் கையைப் பாத்துட்டு முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுனா, அவளே. அப்புறம் தொட்டிக்கு முன்னால முட்டி போட்டு உக்காந்தா.

"நீங்க என்ன குடுத்தாலும் சாப்பிடாது ஆன்ட்டி. சாப்பாடு பிடிக்காம இல்ல. இங்க பயம் அதுக்கு. அது இருந்த எடத்துக்குக் கொண்டு போயிட்டா அதுவே தேடித் தின்னுக்கும். இன்னும் நாலு நாள் வச்சிருந்தா தேடக் கூடத் தெம்பு இருக்காது."

எந்த எடம்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எங்கயாவது மரத்துல விட்டாப் பத்தாதான்னேன். பத்தாதாம். அதுக்குத் தண்ணி எங்க, ஒளியிற பொந்து எங்க, எரை எங்கன்னு பழகுன எடமா இருக்கணுமாம். புது எடத்துல விட்டா அலைஞ்சே செத்துருமாம். அப்ப எங்க பிடிச்சான்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டேன்.

"தெரியும். நானும் அன்னைக்கு இருந்தேன்" அப்படின்னா.

பிராக்டிகல் இல்ல. ரெண்டு பேரும் காலேஜுக்கு மட்டம் போட்டுட்டுப் போயிருக்காக. கடமலைக்குண்டு தாண்டி மலையடிவாரத்துல ஒரு இலவந்தோப்பு. எம் மகன் என்கிட்டப் பொய் சொன்னதே கிடையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது போச்சு. அவ சொன்னதும் எனக்குக் கோவம் வரும்னு பாத்தேன். வரல. எப்பக் கிளம்பலாம்னு மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலையில போனோம். தொட்டியைத் தூக்கிட்டுப் பஸ்ல போக முடியுமா. பாம்பைப் பருத்தித் துணியில போட்டுக் கட்டுனாத்தான் மூச்சு விடும்னா. வீட்ல இருந்தது பூரா நைலக்ஸ். பரிதி தலகாணி உறைதான் பருத்தி. அதை அதுவரைக்கும் நான் துவைக்கல. துவைக்க நேரம் கெடைக்கல, வேற ஒண்ணுமில்ல. அந்த உறையைக் கழட்டிக் குடுத்தேன். அவ அதை வாங்கிக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிட்டா. திரும்பி வர நேரமாச்சு. பஸ்ஸுக்கு நேரமாகுதுன்னு நான் சத்தம் குடுத்தேன்.

பஸ்ல ஒரு கட்டைப் பைக்குள்ள அதை வச்சு மடியில வச்சுக்கிட்டேன். இப்ப நீ உக்காந்திருக்கியே, இதே மாதிரி அவ ஜன்னல் பக்கம்.

தோப்புல பஞ்சு எடுத்து முடிஞ்சிருந்துச்சு. காய் ஓடு காலுக்கடியில நொறுங்குது. ஓடாத ஒரு மோட்டார் ரூமு, பக்கத்துல தண்ணி கட்டிக்கெடக்குற ஒரு பள்ளம். இங்கதான்னு ஒரு மரத்தைக் காமிச்சா. உறையோட வாயை அவுத்து அடிமரத்துல வச்சுட்டுத் தள்ளி உக்காந்தோம். பத்து நிமிசமா வெளிய வரல. செத்துருச்சோன்னு எந்திரிக்கப் போனேன், அவ என் முந்தியைப் பிடிச்சு உக்கார வச்சா. அப்புறம் தலை தெரிஞ்சுச்சு. நாக்கை நீட்டி நீட்டிப் பாத்துச்சு. ஏறுச்சுன்னு சொல்ல முடியாதும்மா. தண்ணி கீழ இருந்து மேல ஓடுனா எப்படி இருக்கும், அப்படிப் போச்சு. பட்டையும் அதுவும் ஒரே நிறம். இந்தா இருக்கு, இந்தா இருக்குன்னு பாக்கும்போதே காணோம்.

அம்புட்டு மெலிவுலயும் அப்படிப் போச்சு.

உறையை உதறி மடிச்சு வச்சுக்கிட்டு, எதுக்காக இவன் இதைப் பிடிச்சு வீட்டுக்குக் கொண்டாந்தான், சும்மா கெடந்ததைன்னு கேட்டேன். அவளைக் கேக்கல. பொதுவாத்தான் கேட்டேன். அவ பதில் சொன்னா.

"நான்தான் அன்னைக்கு அழுதேன் ஆன்ட்டி, உங்க வீட்ல என்னை ஒத்துக்க மாட்டாங்கன்னு. அப்ப இது மரத்துல இருந்து எறங்குச்சு. பிடிச்சுட்டுச் சொன்னான், எங்கம்மாவுக்கு உலகத்துலயே பெரிய பயம் பாம்புதான், முதல்ல இதை ஒரு வாரம் வீட்ல வச்சுப் பழக்கிடுறேன், அதுக்கப்புறம் உன்னைக் கூட்டிட்டுப் போறது ஒண்ணுமே இல்லைன்னு."

சொல்லிட்டு அழுதா. சத்தமா அழுதா. தோப்புல வேற யாரும் இல்ல. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். தோள்ல கையை வைக்கணும்னு தோணுச்சு. கை எந்திரிக்கல. நேரமாச்சு, பன்னெண்டு மணி பஸ் போயிரும்னு மட்டும் சொன்னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டா.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு புரியலம்மா. என்கிட்ட என்ன பயம் அவனுக்கு. நேரா வந்து சொல்லியிருக்கலாம்ல. நான் என்ன சொல்லியிருப்பேன். முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். வெசத்தைக் குடிச்சுருவேன்னு கூடச் சொல்லியிருப்பேன், எல்லா வீட்லயும் சொல்றதுதான அது. அதுக்குப் போயி பாம்பைக் கொண்டாந்து பழக்குவாகளா.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வந்து, தொட்டியைப் பாத்துட்டு, விட்டுட்டியான்னாரு. விட்டுட்டேன்னேன். வாசப்படியிலயே உக்காந்து தூக்குவாளியைத் தொறந்து சாப்பிட்டாரு. சோறு நொந்து வாடை அடிச்சுச்சு, அதைத்தான் சாப்பிட்டாரு. அப்பத்தான் அவரைப் பாத்தேன். சட்டை தோள்ல நிக்காம எறங்கிக் கெடக்கு. கழுத்து எலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு இருக்கு. மூணு வாரமா அந்தப் பாம்பு திங்கலன்னு தினம் தினம் எழுதியிருக்கேன்.

அந்தப் பொண்ணு அப்புறமும் அந்தத் தோப்புக்கு நாலஞ்சு தடவை போயிருக்கா. ஒரு மாசம் கழிச்சு ஒருநாள் மத்தியானம், நான் ஏனம் கழுவிக்கிட்டு இருக்கேன், போன் பண்றா. ஆன்ட்டி, அதே மரத்துல பாத்தேன், மூக்குல அந்தத் தழும்பு இருக்கு, வயிறு உப்பியிருக்கு, சாப்பிட்டிருக்குன்னு. அது அதுதானா, வேற பாம்பான்னு யாருக்குத் தெரியும். பாம்புக்கு என்ன பேரா எழுதி ஒட்டியிருக்கு. இருந்தாலும் வீட்டுக்கு வந்து நோட்டுல தேதியைப் போட்டுச் சாப்பிட்டதுன்னு எழுதுனேன். எழுதிட்டு அங்கயே உக்காந்துட்டேன். அழுதேன்னு வச்சுக்கயேன். பக்கத்து வீட்டுலருந்து ஓடி வந்துட்டாக. எதுக்கு அழுகுறேன்னு கேட்டாக, நான் பாம்பு சாப்பிட்டிருச்சுன்னு சொன்னேன். அவுக என் மூஞ்சியையே பாத்தாக.

இப்ப எங்க போறேன்னு கேட்டேல்ல. அவ கல்யாணத்துக்குத்தான் போறேன். வத்தலக்குண்டுல மண்டபம். பத்தரைக்கு முகூர்த்தம். பதினாலு மாசம்தான் ஆச்சு. எனக்கு அது ஒரு வருத்தம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். இம்புட்டுச் சீக்கிரமான்னு தோணத்தான செய்யும். அவுக வீட்ல பாத்த எடமாம். மாப்பிள்ளை கோயமுத்தூர்ல கம்பெனியில இருக்காராம். நல்ல மாதிரியாத்தான் தெரியுதுன்னா. போன மாசம், ஆடியில ஒருநாள், தனியா வந்தா பத்திரிகை வைக்க. வீட்டுக்குத் தெரியாம வந்திருக்கா. சோறு வச்சேன். வேணாம்னு சொல்லுவான்னு பாத்தேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்புதான், விசேசமா ஒண்ணும் வைக்கல. உக்காந்து சாப்பிட்டா. இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. மூணு தடவை கேட்டா. எங்க வீட்ல சோறு வேணும்னு கேட்டு ஒரு குரல் வந்து எத்தனை நாளாச்சுன்னு அவரு ஆட்டோவுல உக்காந்துக்கிட்டே சொன்னாரு.

போறதில்லன்னுதான் இருந்தேன். யாருன்னு சொல்லி அங்க போயி உக்கார்றது. அவருதான், அந்தப் பிள்ளை தனியா நிக்கும், நீ போயிட்டு வான்னாரு. இந்தா, இந்தப் பையில ஒரு சுங்குடிச் சேலை வச்சிருக்கேன். மேடைக்குப் போகணுமா, கீழ இருந்தே பாத்துட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிறணுமான்னு இன்னும் முடிவு பண்ணல.

ஊர் வந்துருச்சு போல. நீ பிள்ளையைத் தூக்கிக்க, டப்பாவை நான் எடுத்துக் குடுக்குறேன்.

ஒண்ணே ஒண்ணுதான் யோசனையா இருக்கு. மண்டப வாசல்ல சந்தனமும் கல்கண்டும் வச்சுக்கிட்டு நிப்பாகள்ல. உள்ள போறவுககிட்டச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேப்பாக, நீங்க பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடான்னு. பொண்ணு வீடுன்னு சொல்லணும். தேனியில பஸ் ஏறுனதுல இருந்து அதைத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு வர்றேன். வாய் தவறி மாத்திச் சொல்லிறக் கூடாது பாரு.